'ரேண்டம் பக்கம்' என்ற இணைப்புக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

செ. (கோபிசெட்டிப்பாளையம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஆண்டுவிழா. அதற்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொங்குப் பக்கத்து ஊர்ச்சொற்களைத் திரட்டி ஒரு வலைத்தளம் போட்டிருக்கிறார்கள். சொல்லுக்கு ஒரு பக்கம், இதுவரை 240 பக்கம். பொடக்காலி, சீமாறு, அட்டாலி, தொண்டுப்பட்டி என்று ஒவ்வொன்றுக்கும் படம், யார் வீட்டுப் பாட்டி சொன்னது என்ற குறிப்பு எல்லாம் உண்டு. அகரவரிசைப் பட்டியலைக் கடைசி வரை யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை, 'அ'வில் இருக்கிற நாலு சொல்லோடு போய்விடுகிறார்கள். அதனால் மேலே ஒரு இணைப்பு வைத்தேன். அழுத்தினால் 240இல் ஏதோ ஒன்று திறக்கும். இப்போதைக்கு அதன் மேல் 'ரேண்டம் பக்கம்' என்று இருக்கிறது. ஊர்ச்சொல்லுக்கென்றே ஒரு தளம் கட்டிவிட்டு வாசலில் இப்படி எழுதி வைக்க மனசு வரவில்லை.

பாடநூலில் 'சமவாய்ப்பு' இருக்கிறதே என்று 'சமவாய்ப்புப் பக்கம்' என எழுதிக் காட்டினேன். ஒரு பெண் எழுந்து, "சார், இது இடஒதுக்கீட்டைப் பத்தின பக்கமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

பொத்தானுக்கு ஒரு சொல், பிள்ளைகள் நிரலை (புரோகிராமை) படித்துப் புரிந்துகொள்ள எழுதும் குறிப்புக்கு ஒரு சொல். ஒன்றே இரண்டுக்கும் பொருந்தினால் இன்னும் நல்லது.

ம. (மதுரை) எழுதியது:

கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், பாடநூல் சொல்லைத் தொடாதீர்கள். "ஒரு பையிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஒரு பந்து எடுக்கப்படுகிறது" என்று பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். மேல்வகுப்புக்குப் போனால் சமவாய்ப்பு மாறி வரும். அதே பிள்ளை கணினி அறையில் வேறு சொல், கணக்கு வகுப்பில் வேறு சொல் என்று படித்தால் இரண்டும் ஒரே சங்கதி என்று அதற்கு எப்போது தெரியும்? சொல் அழகாக இருக்கிறதா என்பது அப்புறம்.

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

> பாடநூல் சொல்லைத் தொடாதீர்கள்

எந்தப் பாடநூல், ஐயா? இங்கே எங்கள் பிள்ளைகள் படிப்பது 'எழுமாறு'. பையில் இருந்து பந்து எழுமாறாக எடுக்கப்படுகின்றது, எழுமாற்று மாறி, எழுமாற்றுப் பரிசோதனை. எங்கள் பள்ளிப் பொதுத்தேர்வான சாதாரண தரப் பரீட்சை எழுதின எவரைக் கேட்டாலும் தெரியும். இதுவும் தமிழ்ப் பாடநூல்தான்.

சொல்லின் பொருளையும் பாருங்கள். சமவாய்ப்பு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. ரேண்டம் என்பதற்கு அது நிபந்தனையே இல்லை. சோழியைக் குலுக்கிப் போட்டால் கவிழ்ந்து விழவும் மல்லாந்து விழவும் வாய்ப்பு ஒன்றல்ல, ஆனாலும் எது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சோழியைச் 'சமவாய்ப்பு' என்று எப்படி அழைப்பது? ஒரு சிறப்பு நிலைக்கு உரிய பெயரை முழுமைக்கும் வைத்துவிட்டார்கள்.

எழுமாறு என்பது எழும் + ஆறு. எப்படி எழுகிறதோ அந்த வழி. பின்வருமாறு, கூறியவாறு என்று நாள்தோறும் எழுதுகிறோமே, அதே 'ஆறு'. பேச்சில் 'எழுந்தமானம்' என்றும் ஒரு சொல் எங்களிடம் உண்டு. "எழுந்தமானமாகக் கதைக்காதே" என்பார்கள். ஆனால் அதில் ஆதாரமில்லாமல் பேசுவது என்ற கண்டிப்பு ஏறிவிட்டது, பொத்தானுக்கு ஆகாது.

வ. (தஞ்சாவூர்) எழுதியது:

யாழ்ப்பாணத்து நண்பரின் பிரிப்பு சரி. இதை 'எழு + மாறு' என்று பிரித்து, எழுமை என்றால் ஏழு பிறப்பு, "எழுமையும் ஏமாப் புடைத்து" என்று குறள் சொல்கிறதே, ஏழு முறை மாறுவது என்று பொருள் என ஒருவர் என்னிடம் வாதிட்டதுண்டு. அப்படி இல்லை. 'ஆறு' என்று கொண்டால்தான் பொருள் நேராக வருகிறது. 'எழுமாற்றுப் பக்கம்' என்று றகரம் இரட்டுவதைப் பார்த்து 'மாற்று' என்று மயங்க வேண்டாம். ஆறு + மணல் ஆற்றுமணல் ஆவது போலத்தான் இது.

ஆறு என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. இணைப்பை அழுத்தியவரைச் சர்வர் வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது அல்லவா? அதற்கு ஆங்கிலத்தில் ரீடைரக்ட் என்கிறார்கள். நமக்கு இதைப் போல ஓர் இலக்கிய வகையே இருக்கிறது, ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி அதுதான். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வருகிற பாணனை நிறுத்தி, இந்த வழியே போ, இன்ன நாடு வரும், இன்ன வள்ளல் இருப்பான் என்று அனுப்பி வைக்கிறான். ரீடைரக்ட்டுக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்பதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னும் ஒன்று. ரேண்டம் பக்கம் நமக்குப் புதிதே இல்லை. ஓலைச்சுவடியில் கயிறு சார்த்திப் பார்ப்பது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுவடிக்கட்டைப் பூசித்து, ஏடுகளுக்கு நடுவே கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டைத் திறந்து அதிலிருக்கும் பாட்டைப் படிப்பார்கள். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளை இல்லாத வருத்தத்தோடு தம் குரு சகலாகம பண்டிதரிடம் போனபோது, அவர் திருமுறையில் கயிறு சார்த்தினார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் "பேயடையா பிரிவெய்தும்" என்ற பாட்டு வந்தது. அங்கே போய் நீராடி வழிபட்டுப் பிறந்த பிள்ளைதான் சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் என்பது வரலாறு. என் தாத்தா வீட்டிலும் ஒரு சுவடி இருந்தது. சிவப்புத் துணியை அவிழ்க்கும்போது வரும் எண்ணெய் வாசம் இன்னும் நினைவில் இருக்கிறது. கயிற்றை என் கையில்தான் கொடுப்பார், எனக்கு அப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியாது. தெரியாத கை வேண்டும் என்பார். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டிலும் இதே கவனம் இருக்கிறது. குடும்பு என்ற ஊர்ப்பிரிவு 30க்கும் குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலை, அதாவது குடவோலை, எடுக்க ஒரு சிறுவனைத்தான் நிறுத்துகிறார்கள்.

என் பரிந்துரை: பொத்தானில் 'கயிறு சார்த்துக' என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன சுவடிப் படம் போதும்.

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஐயா, ஆற்றுப்படுத்தல் என்றால் இங்கே மனத்துயரில் இருப்பவருக்கு உதவும் உளவள ஆற்றுப்படுத்தல்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். போரும் கடற்கோளும் கண்ட ஊர், அந்தச் சொல் அந்த வேலைக்கே இருக்கட்டும். அதோடு, ஆற்றுப்படையில் வழி சொல்கிறவனுக்கு வள்ளல் யார் என்று நன்றாகத் தெரியும். நம் இணைப்பில் போகிற இடம் யாருக்குமே தெரியாது. சாதாரண ரீடைரக்ட்டுக்குப் பொருந்தலாம், இதற்கு நேர் எதிர்.

கயிறு சார்த்துதலும் அப்படியே. சார்த்துகிறவருக்கு வந்த பாட்டு எழுமாறாக வந்ததல்ல, அருளால் வந்தது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் கயிறே எடுக்க மாட்டார்.

இ. (சென்னை) எழுதியது:

பத்து வருடமாக மென்பொருள் மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நடைமுறை பேசுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த இணைப்பு உண்டு, 'ஏதாவது ஒரு கட்டுரை' என்று பெயர். கலைச்சொல்லே இல்லை, வீட்டில் பேசுகிற மூன்று சொல். யாரும் அதற்கு விளக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை. ரீடைரக்ட்டுக்கும் அங்கே 'வழிமாற்று' நிலைபெற்றுவிட்டது, அதைக் கிளற வேண்டாம்.

சமவாய்ப்பு பற்றி க. சொன்னதற்கு அந்த விக்கி மென்பொருளே சாட்சி. அங்கே ஒவ்வொரு பக்கம் பிறக்கும்போதும் 0க்கும் 1க்கும் நடுவில் ஒரு எண்ணை அதற்கு ஒட்டிவிடுகிறார்கள். நீங்கள் இணைப்பை அழுத்தினால் புதிதாக ஒரு எண் எடுத்து, அதற்கு அடுத்து மேலே நிற்கிற பக்கத்தைத் திறக்கும். 0.40, 0.41, 0.47 என்று மூன்று பக்கங்கள் அடுத்தடுத்து இருந்தால் 0.41க்குக் கீழே இருக்கும் இடைவெளி 0.01, 0.47க்கு 0.06. அந்த மூன்றாவது பக்கம் இரண்டாவதைப் போல ஆறு மடங்கு அடிக்கடி வரும். வேகத்துக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், தப்பு சொல்லவில்லை. ஆனால் அதன் மேல் 'சமவாய்ப்பு' என்று எழுதினால் பொய்.

இன்னொரு பக்கம், 'எழுமாறு' என்று சென்னையில் எழுதினால் எழுதுமாறு என்பதில் 'து' விட்டுப்போனது என்று திருத்திவிடுவார்கள். எனக்கு நடந்திருக்கிறது. பிள்ளைகள் "ரேண்டமா ஒண்ணு எடு" என்று பேசுகிறார்கள் என்றால் குறிப்பில் ரேண்டம் என்றே இருக்கட்டுமே. ரயில், ரேடியோ என்று எழுதுகிறோம், இகரம் சேர்த்து 'இரேண்டம்' என்று எழுதச் சொல்லி யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

வ. (தஞ்சாவூர்) எழுதியது:

பிழைப்பு எளிதாகிறது என்பதற்காகச் சொல்லை விட்டுக்கொடுக்க முடியாது, தம்பி. ரயிலைப் போல இது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு கருத்து. கருத்துக்குச் சொல் இல்லாவிட்டால் அந்தக் கருத்தைத் தமிழில் நினைக்க முடியாமல் போகும். ஆங்கிலச் சொல்லே பழைய பிரெஞ்சில் கட்டுக்கடங்காமல் பாய்ந்தோடுவதைக் குறித்ததிலிருந்து வந்ததுதான். நம்மிடமும் அதே போல 'போக்கு' இருக்கிறது, குருட்டாம்போக்கு என்கிறோம். அதைக்கூட எடுக்கலாம். 'எதேச்சை' மட்டும் வேண்டாம். அது யதேச்சை, விருப்பப்படி என்று பொருள். விருப்பமே இல்லாததற்கு அந்தப் பெயர் எப்படிச் சேரும்?

செ. (கோபிசெட்டிப்பாளையம்) எழுதியது:

குருட்டாம்போக்கு மட்டும் வேண்டாம் ஐயா. என் வகுப்பில் பார்வையில்லாத ஒரு பையன், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துத்தான் கணினி பழகுகிறான். அவன் காதில் அந்தச் சொல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒலிப்பதை என்னால் ஏற்க முடியாது.

இடையில் இன்னொரு சிக்கல், அதுவும் சொல்லோடு சேர்ந்ததுதான். நேற்றுப் பிள்ளைகளிடம் இணைப்பைச் சோதிக்கக் கொடுத்தேன். அழுத்தினால் 'அட்டாலி' வந்தது. மறுபடி அழுத்தினால் அட்டாலி. பத்துத் தடவையும் அட்டாலி, பாத்திரம் அடுக்கிய அதே பரண் படம். "சார், இதுல ஒரு சொல்லுதான் இருக்குதுங்க" என்றார்கள். பிழை என்னுடையது. வழிமாற்றுக்கு 301 என்று பதில் அனுப்பியிருந்தேன். அந்தப் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று அதற்குப் பொருள், உலாவி அதை மனப்பாடம் செய்துகொண்டு சர்வரிடம் திரும்பக் கேட்கவே இல்லை. தற்காலிகம் என்று பொருள்படும் 302 என்று மாற்றி, பதிலைச் சேமிக்காதே என்றும் சொன்ன பிறகு சரியானது.

அப்புறமும் ஒரு புகார். "திரும்பத் திரும்ப வந்ததே வருது, இது ரேண்டம் இல்லை" என்றார்கள். கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 240 பக்கத்தில் சமமாக எடுத்தாலும், 19 தடவை அழுத்துவதற்குள் ஏதாவது ஒன்று இரண்டாம் முறை வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் மனசில் இருந்தது வேறு: சீட்டுக்கட்டைக் குலுக்கி வைத்து ஒன்றொன்றாக எடுப்பது போல, எல்லாம் தீரும் வரை எதுவும் திரும்பி வரக்கூடாது. அதற்குக் 'குலுக்கல்' நல்ல சொல். அதைப் பட்டியல் வரிசையை மாற்றும் பொத்தானுக்கு வைத்துவிட்டேன், யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ம. (மதுரை) எழுதியது:

குலுக்கல் சரி. ஆனால் செ. இப்போது எழுதியதையே பாருங்கள், அவர் தளத்தில் 240க்கும் வாய்ப்பு சமம்தான். அங்கே சமவாய்ப்பு பொய்யில்லையே.

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

அங்கே பொய்யில்லை. நாளைக்கு ஒரு பிள்ளை, படம் இருக்கிற பக்கங்கள் கூடுதலாக வரட்டும் என்று நிரலை மாற்றினால்?

செ. (கோபிசெட்டிப்பாளையம்) எழுதியது:

ஆண்டுவிழா நெருங்கிவிட்டது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன். பொத்தானில் 'ஏதாவது ஒரு சொல்' என்று எழுதிவிட்டேன். எங்கள் தளத்தில் பக்கம் என்பதே சொல்தான், பிள்ளைகளே 'பக்கம்' என்பதை அடித்துத் திருத்தினார்கள். திரைவாசிப்பானில் கேட்டுப் பார்த்தோம், யாரோ கேட்டு வாங்குவது போல இயல்பாக இருக்கிறது. நிரல் குறிப்பில் 'எழுமாறு' போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் 'கணக்குப் பாடத்தில் சமவாய்ப்பு என்று படிப்பது' என ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வ. ஐயா எழுதிய கயிறு சார்த்தும் செய்தியைத் தனிப் பக்கமாகவே போடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அனுமதி தாருங்கள், உங்கள் தாத்தா வீட்டுச் சுவடியையும் சேர்த்து எழுதுவோம். அப்போது 241 ஆகும்.

வ. (தஞ்சாவூர்) எழுதியது:

தாராளமாகப் போடுங்கள். 'சார்த்துதல்' என்றே எழுதுங்கள், 'சாத்துதல்' என்று போட்டால் கதவைச் சாத்துவதாகிவிடும். வழிமாற்றுக்கு ஆற்றுப்படுத்தலே சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

ம. (மதுரை) எழுதியது:

ஒரு வரி விளக்கம் சேர்த்ததற்கு நன்றி. இருந்தாலும் என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். அந்த எட்டாம் வகுப்பு இன்னும் இரண்டு வருடத்தில் பொதுத்தேர்வு எழுதும். வினாத்தாளில் 'சமவாய்ப்பு' என்றுதான் இருக்கும்.