கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ட்ராலி: இந்தப் பார்ட்ஸ் லிஸ்ட் சரியா?

வடகரை_கிளீனிங் (கேள்வி)

வணக்கம். மதுரை பை-பாஸ் ரோட்டில் மூன்று மாடி ஷோரூம் இரண்டு, காளவாசலில் ஒரு கிளினிக். வெளிப்பக்கக் கண்ணாடியை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். அதிகபட்ச உயரம் 11 மீட்டர். ஏணி, கயிறு எதுவும் இல்லாமல், தண்ணீர் ஏறும் போலில் (நீளும் கம்பம்) பிரஷ் மாட்டித் தரையில் நின்றே தேய்த்து, துணி போடாமல் அப்படியே காய விடும் முறைதான் திட்டம். ட்ராலியை இங்கேயே பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன்.

போட்டு வைத்திருக்கும் லிஸ்ட்:
50 லிட்டர் கேன்
பேட்டரி ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட் பம்ப் (4 லிட்டர்/நிமிடம், 100 பிஎஸ்ஐ)
யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி
வீட்டு ஆர்ஓவில் ஓடும் கால் இன்ச் ட்யூப், 50 மீட்டர்
10 இன்ச் ஹவுசிங்கில் ஒரு டிஐ ரெசின் (தண்ணீரில் மிச்சமுள்ள உப்பைப் பிடிக்கும் மணிகள்) கார்ட்ரிட்ஜ்

தண்ணீர் வீட்டு போர். டிடிஎஸ் மீட்டரில் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) 1,140 காட்டுகிறது. இந்த லிஸ்ட்டில் எது தப்பு, எதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் வாங்குவதற்கு முன் திருத்திக்கொள்வேன்.

யானைமலை

தம்பி, ட்ராலியைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீர். 1,140 டிடிஎஸ் தண்ணீரை நேராக ரெசினுக்குள் விட்டால் காசு கரைவது கண்ணுக்கே தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் மிக்ஸ்டு பெட் ரெசின் (இரண்டு வகை மணி கலந்தது) ஏறக்குறைய 25 கிராம் உப்பைப் பிடிக்கும். 10 இன்ச் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது முக்கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு, அதாவது 17, 18 கிராமுக்குத்தான் இடம். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.14 கிராம் உப்பு. வகுத்துப் பாருங்கள், 15 லிட்டரில் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிடும். உங்கள் கேனில் பாதிகூட ஓடாது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டில் ஆர்ஓ போட்டு டிரம்மில் பிடித்து வையுங்கள், ட்ராலியில் கடைசிச் சுத்தத்துக்கு மட்டும் ரெசின். ஆர்ஓவுக்குள் இருக்கும் மெம்பரேன் என்ற சவ்வு நல்லதாக இருந்தால் 93 முதல் 95 சதவீதம் உப்பைத் தள்ளும். 1,140 உள்ளே போனால் 60, 80 என்று வெளியே வரும். 70 என்று வைத்துக்கொண்டு, 4 லிட்டர் ரெசினைப் போட்டால் 1,400 லிட்டர் வரைக்கும் தாங்கும். ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்றாலும் ஒன்பது வேலை நாள்.

100 ஜிபிடி (நாளைக்கு 100 கேலன்) மெம்பரேன் ஒன்று மணிக்கு 15 லிட்டர்தான் தரும். 150 லிட்டருக்குப் பத்து மணி நேரம் ஆகும். மூன்று மெம்பரேனைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மூன்றரை மணி நேரத்தில் முடியும். ஒவ்வொன்றுக்கும் கழிவுத் தண்ணீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் தனித்தனியாகப் போடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே போட்டால் கழிவு சரியாகப் போகாமல் மெம்பரேனில் சுண்ணாம்பு கட்டும். முன்னால் தூசி பிடிக்க 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர், அதற்குப் பிறகு கார்பன் ஃபில்டர். கார்ப்பரேஷன் தண்ணீர் கலந்து வந்தால் கார்பனை விட்டுவிடவே கூடாது, குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், மண் உப்பாகிவிடும். கக்கூஸுக்கு, தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

கேன் தண்ணீர் வாங்கி ஊற்றலாமே என்று பலரும் கேட்பது உண்டு. குடிக்கிற தண்ணீரில் சுவைக்காகக் கொஞ்சம் உப்பு விட்டே வைத்திருப்பார்கள். நேராகக் கண்ணாடியில் அடித்தால் புள்ளி விழும், ரெசின் வழியாகப் போனால் சரி. வாங்குமுன் மீட்டரை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். மேலூர், ஒத்தக்கடை என்று நம் பக்கம் கருங்கல் பூமி. பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் சிலிக்கா இருக்கும். டிடிஎஸ் மீட்டர் மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் அளக்கிறது, சிலிக்கா அதில் சரியாகத் தெரியாது. ரெசின் சோர்ந்து போகும்போது முதலில் நழுவி வெளியே வருவதும் அதுதான். மீட்டரில் 5 வந்ததும் ரெசினை மாற்றுங்கள். 20 வரை ஓட்டலாம் என்று இருந்தால், கண்ணாடியில் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் புகைபோல் படியும்.

வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சோதனை: கருப்பு டைல்ஸ் துண்டு ஒன்றைத் துடைத்து, பிரஷ் முனையில் வரும் தண்ணீரில் ஐந்தாறு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு சாய்த்துப் பாருங்கள். சொட்டின் விளிம்பில் மெல்லிய வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மீட்டர் காட்டாததை டைல்ஸ் காட்டும்.

பம்ப்_பட்டறை

தண்ணீரைப் பற்றி அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை. மீதிக்கு வருகிறேன்.

பம்ப் சரி, அதையே வாங்குங்கள். தப்பு ட்யூபில்தான். கால் இன்ச் ட்யூபின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் சுமார். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டினால் மீட்டருக்கு கால் பார் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். 50 மீட்டருக்கு 12 பார். உங்கள் பம்ப் முழுசாகக் கொடுத்தாலும் 7 பார்தான், பிரஷில் மூக்கு ஒழுகுகிற மாதிரிதான் வரும். உள்விட்டம் 6 மில்லி போட்டால் 50 மீட்டருக்கு 2 பார் அளவு போகும். 8 மில்லி போட்டால் அரை பார்தான். தரையில் இழுக்கும் ஹோஸ் 8 மில்லி, போலுக்குள் போகும் 12 மீட்டர் மட்டும் 6 மில்லி என்று வையுங்கள்.

இப்போது கூட்டுங்கள். 11 மீட்டர் ஏற்றம் 1.1 பார், தரை ஹோஸ் 0.5, போல் ஹோஸ் 0.45, பிரஷில் 2 மில்லி ஜெட் இரண்டு 0.2. மொத்தம் இரண்டேகால் பார், 33 பிஎஸ்ஐ. 100 பிஎஸ்ஐ பம்புக்கு இது சாதாரணம், மோட்டார் சூடேறாது. டபுள் மோட்டார் பம்ப் என்று கடையில் தள்ளுவார்கள், தேவையே இல்லை.

பம்ப் தரும் தண்ணீர் ஜெட்டுக்கு அதிகமாக இருந்தால் அழுத்தம் ஏறிப் பிரஷர் சுவிட்ச் கட் ஆகும், உடனே இறங்கிப் பிடிக்கும். டக் டக் டக் என்று சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் சுவிட்ச் காண்டாக்ட் சில வாரத்தில் கருகும். 10 ஆம்ப் பிடபிள்யூஎம் ஸ்பீடு கண்ட்ரோலர் ஒன்று போட்டு வேகத்தைக் குறையுங்கள். ஒன்றரை முதல் 2 லிட்டர் வந்தால் தேய்த்து அலசப் போதும். அளக்க மீட்டர் வேண்டாம், ஒரு லிட்டர் பாட்டில் 35 நொடியில் நிரம்பினால் சரியான வேகம்.

பம்பை நிமிர்த்தி மாட்டினால் மோட்டார் மேலே, தலை கீழே. பம்ப் தலைக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கசிந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்காது. உறிஞ்சும் பக்கம் ஸ்ட்ரெயினர் கண்டிப்பாக. கேன் அறுத்த பிளாஸ்டிக் சுருள் ஒன்று வால்வில் சிக்கினால் பம்ப் ஓடும், தண்ணீர் ஏறாது.

7 ஏஎச் போதாது. பம்ப் 4 ஆம்ப் இழுக்கும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக உங்களுக்குக் கிடைப்பது 50 நிமிடம். 26 ஏஎச் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல். வேலை முடித்து பேட்டரி கொஞ்சம் ஆறிய பிறகு 12.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். 12.8 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் போட்டால் எடை மூன்றில் ஒரு பங்கு, ஆனால் அதற்கென்று உள்ள 14.6 வோல்ட் சார்ஜர்தான் போட வேண்டும். பழைய சார்ஜரை மாட்டாதீர்கள்.

பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்ப் ஃபியூஸ். ஒயர் 2.5 ஸ்கொயர். கண்ட்ரோலரை மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸில் வைத்து, ஒயர் நுழையும் கிளாண்டு கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

வடகரை_கிளீனிங்

ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். ட்யூப் வாங்காமல் தப்பித்தேன். 20 இன்ச் ஜம்போ ஹவுசிங்கில் 4 லிட்டர் ரெசின் போட்டுவிடலாம்தானே? கேன் 50 லிட்டரே இருக்கட்டுமா? ஃபிரேமுக்கு என்ன பைப்?

சோழவந்தான்_வெல்டிங்

50 லிட்டர் வேண்டாம். எடையைக் கூட்டிப் பாருங்கள். 25 லிட்டர் கேன் வைத்தாலே தண்ணீர் 25 கிலோ, 26 ஏஎச் பேட்டரி 8, ரெசின் ஹவுசிங் ஈரத்தோடு 6, ஹோஸ் சுற்றிய ரீல் 6, ஃபிரேம் 7, பம்ப் 2. மொத்தம் 54 கிலோ. 50 லிட்டர் என்றால் 80 கிலோவைத் தொடும். ஷோரூம் வாசலில் நாலு படி இருந்தால் ஒரு ஆளால் ஏற்ற முடியாது.

ஃபிரேம்: 1 இன்ச் சதுரப் பைப், 16 கேஜ். அடித்தட்டு 450-க்கு 350 மில்லி, நிமிர்ந்த உயரம் 1,050. அச்சுக்கு 16 மில்லி பிரைட் ராடு, இரு முனையிலும் வாஷர், ஸ்பிளிட் பின். அச்சை அடித்தட்டின் பின் விளிம்புக்கு 60 மில்லி பின்னால் வையுங்கள். ட்ராலியைச் சாய்க்கும்போது சுமை சக்கரத்துக்கு நேர் மேலே வந்து உட்காரும், கைக்கு எடை தெரியாது. விளிம்புக்கு நேர் கீழே வைத்தால் நிறுத்தும்போது பின்னால் மல்லாக்கச் சாய வாய்ப்பு அதிகம்.

பேட்டரியும் கேனும் அடியில், பம்ப் நடுவில், ரீல் மேலே. ஹவுசிங்கை நிமிர்த்தி, மேலும் கீழும் ரப்பர் வைத்து இரண்டு கிளாம்ப். படுக்க வைத்தால் ரெசின் ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் அதன் மேலாகவே ஓடிவிடும். ரெசினை முழுக்க நிரப்பித் தட்டித் தட்டி உட்கார வையுங்கள், இடம் விட்டால் ட்ராலி குலுங்கும்போது உள்ளே வாய்க்கால் விழும். புது ரெசின் இருக்கையிலேயே டிடிஎஸ் ஏறினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சக்கரம் 10 இன்ச். காற்றடிக்கிற டயர் குலுக்கலுக்கு நல்லதுதான், ஆனால் காலி மனை ஓரம் வண்டியை நிறுத்தி இறக்கினால் சீமைக்கருவேல முள் இரண்டு நாளில் டியூபைக் கிழிக்கும். பஞ்சர் ஆகாத பியூ ஃபோம் டயர் வாங்குங்கள்.

கேன் புதிதாக இருக்கட்டும். எண்ணெய் வந்த கேன் எத்தனை சோப்பு போட்டாலும் ஒரு படலத்தை விடும், கண்ணாடியில் தண்ணீர் பரவாமல் திட்டுத் திட்டாய் நிற்கும். வெள்ளைக் கேன் வெயிலில் ஒரு வாரத்தில் பாசி பிடிக்கும், நீலமோ கருப்போ எடுங்கள். அடியிலிருந்து 15 மில்லி மேலே அரை இன்ச் டேங்க் நிப்பிள், ஹோல் சாவில் துளை. மூடியில் 3 மில்லி காற்றுத் துளை போட மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால் பம்ப் உறிஞ்ச உறிஞ்சக் கேன் உள்ளே ஒடுங்கும். ரெசினுக்குப் பிறகு ஜிஐ ஃபிட்டிங் எதுவும் வேண்டாம், துருவின் மஞ்சள் கண்ணாடியில் இறங்கும். ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட்.

பம்ப்_பட்டறை

25 லிட்டர் எடைக்குச் சரி, வேலைக்குக் குறைவு. ஒன்றரை லிட்டர் வேகத்தில் 16 நிமிடத்தில் காலி. மூன்று மாடிக்கு ஓடி ஓடி நிரப்ப வேண்டியிருக்கும். டாடா ஏஸிலேயே 200 லிட்டர் டிரம்மை வைத்து, அதிலிருந்து ஒரு உறிஞ்சும் ஹோஸை ட்ராலி பம்புக்கு இழுப்பது என் கட்சி. கேனுக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு மூன்று வழி வால்வு போதும். வண்டி கிட்டே போகாத இடத்துக்கு மட்டும் கேன். உறிஞ்சும் ஹோஸ் 12 மில்லி உள்விட்டம், கம்பிச் சுருள் வைத்தது. சாதா ஹோஸ் வெயிலில் இளகி, உறிஞ்சும்போது சப்பையாகிவிடும்.

சோழவந்தான்_வெல்டிங்

அப்படியென்றால் இன்னும் நல்லது. மூன்று வழி வால்வுக்கு அடித்தட்டில் ஒரு கிளிப் வைத்துவிடலாம்.

யானைமலை

ஜம்போ ஹவுசிங் சரி தம்பி. கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறும் வகைதானா என்று பாருங்கள். பக்கவாட்டில் நுழையும் வகையில் ரெசின் முழுசாகப் பயன்படாது. தீர்ந்த ரெசினை ஆசிட், காஸ்டிக் போட்டு வீட்டிலேயே மீட்கிறேன் என்று இறங்க வேண்டாம், இரண்டு வகை மணியையும் பிரித்துச் செய்கிற வேலை அது.

முதல் முறை துடைக்கும்போது தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் புள்ளி வரும். மேல் ஃபிரேமின் ரப்பர் பீடிங்குக்குள் ஒளிந்திருக்கும் தூசி தேய்த்த பிறகு மெதுவாக ஒழுகி இறங்கும். முதலில் ஃபிரேமையும் பீடிங்கையும் தேய்த்து வழிய விட்டு, பத்து நிமிடம் கழித்து கண்ணாடிக்கு வாருங்கள். இதை ஷோரூம்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, முதல் முறைக்கு இரண்டு சுற்று என்று ரேட் பேசுங்கள்.

அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் கிழக்குப் பக்கம் வேண்டாம், மேற்குப் பக்கத்தை எடுங்கள். கண்ணாடி கொதித்தால் அலசுவதற்குள் அழுக்கோடு காய்ந்துவிடும். ஆடிக் காற்றில் 11 மீட்டர் போல் வில் மாதிரி வளையும், இரண்டாவது மாடியோடு நிறுத்திவிட்டு மேல் மாடியைக் காற்று குறைந்த நாளில் பாருங்கள்.

கடைசியாக, கரண்ட். அலுமினியம் போல் மட்டுமில்லை, கார்பன் ஃபைபர் போலும் கரண்ட் கடத்தும். பை-பாஸ் ரோட்டில் பல கட்டடத்துக்கு முன்னால் ஈபி கம்பி போகிறது. போல் முழுசாக நீண்டிருக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியில் படாத இடத்தில் நின்று செய்ய முடியும் என்றால் மட்டும் அந்த முகப்பை எடுங்கள். முடியாது என்றால் அந்தப் பக்கத்தை கொட்டேஷனிலேயே எழுதி விலக்கிவிடுங்கள்.

வடகரை_கிளீனிங்

கிளினிக்குக்கு முன்னால் கம்பி ஐந்தடியில் போகிறது. அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறேன். ஆர்ஓவை முதலில் ஓட்டி, டைல்ஸ் சோதனை எப்படி வருகிறது என்று இங்கேயே போடுகிறேன்.