விசாரணை என்று அழைத்துச் சென்ற நேரம் முதல்: காவல் நிலைய அனுபவங்கள்

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊரில் உரக்கடை நடத்தும் என் சித்தப்பா மகனை, கொடுக்கல் வாங்கல் தகராறு ஒன்றில் ஒருவர் அளித்த புகாரின் பேரில், ஒருநாள் முற்பகலில் காவலர்கள் இருவர் வந்து அழைத்துச் சென்றனர். ஒருவர் சீருடையில் இருந்தார். மற்றவர் சாதாரண உடையில் இருந்தார். "சும்மா விசாரணைக்குத்தான், அரை மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பொழுது சாயும்வரை தம்பி திரும்பவில்லை, கைபேசியும் அணைக்கப்பட்டிருந்தது. நானும் ஊர்ப் பெரியவர் ஒருவரும், தெரிந்த வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சென்றோம்.

வழக்கறிஞர் எங்களை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்லியிருந்தார்: அவர் கைது செய்யப்பட்டிருக்கிறாரா, இல்லையா? நிலைய எழுத்தரிடம் கேட்டோம். கைது இல்லை என்றார். அப்படியானால் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்றோம். இன்ஸ்பெக்டர் ஐயா வந்து சொன்னால்தான் அனுப்ப முடியும் என்றார். நம் பகுதிக் காவல் நிலையங்களில் சாதாரண மக்கள் படும் துன்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கைது என்று எழுதிவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். விசாரணை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டால் இவற்றில் எதையும் செய்யாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் சட்டத்தில் அப்படி ஓர் இடைநிலை கிடையாது. கைது செய்யப்படாத ஒருவர் விரும்பினால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். போகவிடாமல் தடுத்தால் அதுவே காவலில் வைத்ததாகும்.

நாங்கள் குரலை உயர்த்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளில், இன்ன தேதி, இன்ன நேரத்தில் இவர் கடையிலிருந்து அழைத்துவரப்பட்டார், இதுவரை அனுப்பப்படவில்லை, கைது எனில் கைதுக் குறிப்பாணையின் நகலையும் கைதுக்கான காரணங்களையும், விசாரணை எனில் அழைப்பாணையின் நகலையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று இரண்டு படிகளாக எழுதிக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்டுத் தர மறுத்தார்கள். அதே கடிதத்தைக் கைபேசியில் படமெடுத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கும் தொலைபேசியில் தகவல் சொன்னோம். இரவு உணவு நேரத்துக்குள் தம்பியிடம் ஓர் அறிவிப்பைக் கொடுத்து, குறிப்பிட்ட நாளில் மீண்டும் வருமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படியே முடியும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் நேரம் குறித்த ஒரு காகிதம் காவல் நிலையத்துக்கு வெளியே போய்விட்டது என்று தெரிந்ததும் அவர்கள் நடந்துகொண்ட விதம் மாறியதை நேரில் பார்த்தேன்.

அந்த அறிவிப்பு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)-இன் கீழ் தரப்படுவது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் சட்டம் அது. பழைய சட்டத்தில் 41ஏ என்று வழங்கியதுதான் இன்று இந்தப் பிரிவாக உள்ளது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றச்சாட்டுகளில் கையோடு கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்பதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், தேவையில்லை எனில் இந்த அறிவிப்பைத் தந்து வரவழைக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்றும் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. அறிவிப்பு முறையாக வந்துவிட்டால் கட்டாயம் போக வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இன்னொன்று. உள்ளே இருந்த நேரத்தில், இத்தனை நாளில் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கையொப்பமிடும்படி தம்பியை வற்புறுத்தியிருக்கிறார்கள். அவர் மறுத்திருக்கிறார். கடன் பாக்கியை வசூலித்துத் தருவது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலையே தவிர, காவல் நிலையத்தின் வேலை அன்று. புலன்விசாரணையில் காவலரிடம் நாம் சொல்லும் வாக்குமூலத்தில்கூட நம்மிடம் கையொப்பம் வாங்கக் கூடாது என்று அதே சன்ஹிதாவின் பிரிவு 181 சொல்கிறது. வெற்றுத்தாளில் கையொப்பமிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என்னுடையது சிறிய அனுபவம்தான். சுற்றுச்சாலையில் இரவு வாகனத் தணிக்கையின்போது காவலர் ஒருவர், நான் வண்டியை நிறுத்தியவுடன் ஒரு வார்த்தையும் பேசாமல் சாவியை உருவிக்கொண்டார். ஓட்டுநர் உரிமமும் பதிவுச் சான்றும் டிஜிலாக்கரில் இருந்தன. அசல் இல்லாமல் ஏற்க முடியாது என்றார். மத்திய மோட்டார் வாகன விதி 139-இன்படி மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்பதை நான் பணிவாகச் சொன்னேன். அருகில் நின்ற உதவி ஆய்வாளர் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, சாவியைக் கொடுத்து அனுப்பச் சொன்னார்.

சாவியைப் பறித்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. உரிமத்தைக் கைப்பற்ற பிரிவு 206 இடம் தருகிறது. ஆனால் அப்படிக் கைப்பற்றினால் எழுத்தில் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதே சட்டம் நம்மிடமும் சிலவற்றைக் கேட்கிறது. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். மது அருந்தியதாக ஐயம் இருக்கும்போது மூச்சுச் சோதனைக்கு மறுத்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்ய முடியும். தலைக்கவசம் இல்லை என்றால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய். அதற்குரிய சலானைக் கேட்டு வாங்குங்கள். சலான் இல்லாமல் கையில் கொடுக்கும் பணம் அபராதம் ஆகாது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பக்கத்து வீட்டில் நடந்த அடிதடி ஒன்றைப் பார்த்த சாட்சிகள் என்ற முறையில், என்னையும் என் அம்மாவையும் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி மாலையில் தொலைபேசி வந்தது. அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, மூட்டுவலி வேறு. உடனே புறப்பட வேண்டும் என்றும், வராவிட்டால் வண்டி அனுப்புவோம் என்றும் பேசியவர் சொன்னார். என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் தொலைபேசியை வாங்கி, "சார், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 179-இன்படி பெண்களையும் அறுபது வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறிடத்துக்கு வரச்சொல்ல முடியாது, நீங்கள் வீட்டுக்கு வந்து கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்" என்றாள். மறுநாள் காலையில் பெண் காவலர் ஒருவருடன் உதவி ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தோம், அம்மா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார், எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த உதவி ஆய்வாளர் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், கடும் நோயில் இருப்பவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பெண்களைச் சூரியன் மறைந்தபின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில்கூடப் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை அளித்து, நடுவரின் முன் அனுமதியைப் பெற்றே செய்ய வேண்டும். உடற்சோதனையைப் பெண்ணே, கண்ணியத்துக்குக் குறைவில்லாமல் செய்ய வேண்டும். இவை நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மாலை நேரத்தில் வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்கே வீடு முழுவதும் நடுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்ட உதவி வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞர்:

மேலே எழுதிய மூவரும் கைதுக்கு முந்திய கட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்காக, நடுவர் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். ஏனெனில் அதிகமான உரிமைகள் கைநழுவிப் போவது அங்கேதான். கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பு வகுத்திருப்பது சடங்குக்காக அன்று. காவலர் அல்லாத ஒருவர் அந்த மனிதரின் முகத்தையும் உடலையும் பார்த்து, அடித்தார்களா என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே அது வகுக்கப்பட்டது. "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நடுவர் கேட்கும்போது, திரும்பவும் காவலருடனேயே வண்டியில் ஏற வேண்டுமே என்ற அச்சத்தில், பெரும்பாலானோர் இல்லை என்று தலையசைத்துவிடுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தாலும், காயம் இருந்தால் அங்கேயே காட்டுங்கள். எந்த நாள், எந்த நேரம், எங்கிருந்து பிடிக்கப்பட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பதிவு செய்யும்படி கேளுங்கள். பிறகு மேல் நீதிமன்றத்தில் வாதாட எங்களுக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் அதுதான்.

சாத்தான்குளத்தை நாம் மறக்கக் கூடாது. 2020 ஜூனில், கைபேசிக் கடை நடத்திய ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் ஊரடங்கு விதிமீறல் என்ற பெயரில் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மருத்துவச் சான்றும் வாங்கப்பட்டது, நடுவர் காவலுக்கும் உத்தரவானது, கோவில்பட்டி கிளைச் சிறையிலும் அடைக்கப்பட்டார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். காகிதத்தில் ஒவ்வொரு படியும் நிறைவேறியிருந்தது. ஒரு படியிலாவது ஒருவர் நின்று அவர்களை உற்றுப் பார்த்திருந்தால் அந்த இருவரும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். பின்னர் அந்த நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவரே, விசாரணைக்கு வந்த நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். சீருடைக்குள்ளிருந்தும் அப்படி ஒரு துணிவு வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கைதின்போது கேட்க வேண்டியவை பெரும்பாலும் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்த 11 கட்டளைகளிலிருந்து வருபவை. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணையில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தவர் ஒருவரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். கைதானவரும் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாளில் நேரம் தவறாக இருந்தால், கையொப்பத்துக்கு அருகிலேயே சரியான நேரத்தை எழுதிவிடுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். முழு நேரமும் அவர் உடனிருக்க இயலாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது உறுப்பு 20(3). காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்கப் பயன்படுத்தவும் முடியாது. ஆகவே "ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறோம்" என்பதை நம்ப வேண்டாம்.

கைதுக்கான காரணங்களை வாயால் சொன்னால் போதுமா என்ற கேள்விக்கும் இப்போது தெளிவு பிறந்திருக்கிறது. 2023-இல் பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கொன்றில் தொடங்கி, 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றும், உடனே தர இயலாத சூழலில் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாளை நீட்டினால் அது போதாது. வடமாநிலத் தொழிலாளர்களுக்காக வாதாடும்போது இது இன்னும் முக்கியம்; அவர்களிடம் தமிழில் எழுதிய தாளில் கைநாட்டு வாங்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி. ஒரு கேள்வி. முற்பகலில் அழைத்துச் சென்றுவிட்டு, நள்ளிரவில் கைது என்று எழுதினால், 24 மணி நேரத்தை எதிலிருந்து கணக்கிட வேண்டும்?

வழக்கறிஞர்:

அவர் விரும்பினாலும் வெளியே போக முடியாது என்ற நிலை எப்போது ஏற்பட்டதோ, அப்போதிலிருந்து. 2025 ஜனவரியில் அமலாக்கத் துறை தொடர்பான ஒரு வழக்கில், ஏட்டில் காட்டிய கைது நேரத்தை விட்டுவிட்டு, உண்மையில் பிடித்துவைத்த நேரத்திலிருந்து பார்த்து, 24 மணி நேரம் கடந்துவிட்டதால் அந்தக் காவலே சட்டவிரோதம் என்ற முடிவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சிக்கல் என்னவென்றால் அந்த நேரத்தை நாம் மெய்ப்பிக்க வேண்டும். நீங்கள் அன்று அனுப்பிய மின்னஞ்சல் அதற்கு நல்ல சான்று. கடையில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அந்தப் பதிவை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தின் நுழைவாயில், லாக்அப், தாழ்வாரம், வரவேற்பறை எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவாகியிருக்கிறது. எனவே எந்தத் தேதியில், எந்த மணி முதல் எந்த மணி வரையிலான பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டு, அதை அழியாமல் பாதுகாக்க உத்தரவிடும்படி ரிமாண்டு நாளிலேயே நடுவரிடம் மனுக் கொடுத்துவிடுங்கள்.