சேப்பங்கிழங்கு: இலைக் கருகலும் தொண்டை அரிப்பும்

கேள்வி – கொல்லைத்தோட்டம், கும்பகோணம்

வணக்கம். கொல்லையில் வாழைகளுக்கு இடையே வைகாசியில் ஊன்றிய சேப்பங்கிழங்கு இடுப்பளவு வளர்ந்து நின்றது. ஐப்பசி மழை பிடித்ததும் இலைகளில் நீர் கோத்தாற்போன்ற புள்ளிகள் தோன்றி, வளையம் வளையமாகப் பெருகி, இலை முழுவதும் கருகித் தொங்குகிறது. இதை முதிர்ச்சி என்று கொண்டு தோண்டிவிடலாமா? ஒரு செடியை மட்டும் தோண்டி, கிழங்கை அரைவேக்காட்டில் எடுத்து வறுத்தோம். என் மாமியாருக்குத் தொண்டை வெகுநேரம் அரித்தது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1 – கிழங்குப்பயிர்

நீங்கள் விவரிப்பது முதிர்ச்சியன்று, பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் இலைக்கருகல் நோய். முதிர்ந்த செடியில் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, புதிய இலைகள் சிறுத்து, பிறகு செடி காயும். புள்ளியும் வளையமும் இராது. இந்நோயை எளிதாக எண்ண வேண்டாம், 1993இல் சமோவாத் தீவுகளின் சேம்புச் சாகுபடியையே இது வீழ்த்தியது. மழைத்துளி தெறித்துப் பரவுவதால், கருகிய இலைகளை மழை ஓய்ந்த வேளையில் அறுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்; மேலிருந்து நீர் தெளிப்பதையும் நிறுத்துங்கள். பயிருக்கு ஆறேழு மாதம் தேவை என்பதால், குருத்து நலமாக உள்ள செடிகளுக்கு மண் அணைத்துக் கார்த்திகை வரை விட்டுவைக்கலாம். இலையெல்லாம் போன செடியில் கிழங்கு இனிப் பெருக்காது, அதைத் தோண்டிவிடுவதே நல்லது.

பதில் 2 – அடுக்களை

கிழங்கில் குறையில்லை அம்மா, வேக்காட்டில்தான். கால்சியம் ஆக்சலேட்டின் ஊசி போன்ற நுண்படிகங்கள் தொண்டையில் குத்துவதால்தான் அரிக்கிறது. அவை நீரில் கரையாதவை, ஆகவே ஊறவைத்தால் மட்டும் போதாது. வறுவல் குழைந்துவிடும் என்று அஞ்சிப் பலரும் பாதியில் எடுத்துவிடுகிறார்கள். தோலோடு, கத்தி தடையின்றி இறங்கும் வரை வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, முழுதும் ஆறிய பிறகு உரியுங்கள். ஆறினால் வழவழப்பு இறுகி, துண்டுகள் உடையாமல் நிற்கும். பிறகு கெட்டிப் புளிக்கரைசல், உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், சிறிது அரிசிமாவு, ஓமம் சேர்த்துப் பிசறி, மிதமான தீயில் முறுகவிடுங்கள். மோர்க்குழம்பில் போட்டாலும் மிக நன்றாக இருக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்பது நல்லது. பச்சைக் கிழங்கை நறுக்க நேர்ந்தால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நோய் கண்ட செடியின் கிழங்கை அடுத்த பட்டத்துக்கு விதையாக வைக்கலாமா?

பதில் 1 – கிழங்குப்பயிர்

வேண்டாம், நோய் விதைக்கிழங்கோடும் வரும். அதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, நோயில்லாத செடியிலிருந்து 25 முதல் 35 கிராம் எடையுள்ள பக்கக் கிழங்குகளை உலர்ந்த மணலில் பரப்பி வையுங்கள். அடுத்த முறை 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் நடுங்கள். இந்நோயைத் தாங்கும் முக்தகேசி இரகம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.