பையருக்கு எழுதுற மெயில்ல "இன் எ பொசிஷன் டு இன்சிஸ்ட்"னு போடலாமா?

நூல்கண்டு:
வணக்கங்க, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், பையர்கிட்ட, அதாவது சரக்கு வாங்கற கம்பெனிகிட்ட, ஆர்டர் பேசி முடிக்கற வேலை. நூல் விலை ஏறிப்போச்சு, பையர் பழைய ரேட்டையே புடிச்சுட்டு நிக்கறாங்க, அதனால "வி ஆர் இன் எ பொசிஷன் டு இன்சிஸ்ட் ஆன் எ ரிவைஸ்டு ப்ரைஸ்"னு எழுதி வெச்சேன், மேனேஜர் பாத்துட்டு அனுப்பாதீங்கன்னுட்டார், ஏன்னு கேட்டா சிரிக்கறார். கிராமர் தப்புங்களா?

சும்மாவந்தேன்:
கிராமர் சரிதாங்க. ஆனா அது "எங்க கை ஓங்கியிருக்கு, நீங்க கேட்டுத்தான் ஆகணும்"ங்கற மாதிரி. மூணாவது ஆள் சொன்னா இயல்பா இருக்கும், பேப்பர்ல "தி யூனியன் இஸ் இன் எ பொசிஷன் டு டிமாண்ட் மோர்"னு வரும்ல, அப்படி. நம்மளப் பத்தி நாமளே எழுதினா மீசைய முறுக்கற மாதிரிதான். "வி ஆர் நாட் இன் எ பொசிஷன் டு அக்செப்ட் தி ஓல்டு ப்ரைஸ்"னு போடுங்க, மிரட்டலும் இல்ல, சேதியும் போய்ச் சேந்துரும். ஆனா "யூ ஆர் இன் நோ பொசிஷன் டு"ன்னு மட்டும் ஆரம்பிச்சுராதீங்க, அது உனக்கு என்ன யோக்யதை இருக்குன்னு கேக்கறதுக்குச் சமம்.

டெஸ்பாட்ச்ராஜா:
இன்னொண்ணு, இன்சிஸ்ட்டுக்கு அப்புறம் 'ஆன்' வரணும், 'ஃபார்' போடக்கூடாது, நம்ம ஊர் மெயில் பாதில இந்தத் தப்பு இருக்கும். டிமாண்ட் வினையா வந்தா ரெண்டுமே வேண்டாம், நேரா "டிமாண்ட் எ ரிவிஷன்"தான், பெயர்ச்சொல்லா வந்தா மட்டும் "டிமாண்ட் ஃபார்".

இங்கிலீஷ விடுங்க, நெஜமாவே உங்களுக்கு அந்த பொசிஷன் இருக்கா? கட்டிங் போட்டாச்சா? அவங்க கலர்ல சாயம் போட்டு அவங்க லேபிள் தெச்ச பீஸ வேற யாருக்கு விக்க முடியும், செகண்ட்ஸ் ரேட்டுக்கு, அதாவது கழிச்சுப்போட்ட சரக்கு விலைக்குத் தள்ள வேண்டியதுதான், அப்ப அவங்க வெச்சதுதான் விலை. ஆர்டர் கன்ஃபர்ம் பண்றதுக்கு முன்னாடி இருந்த பலம் ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் கொறைஞ்சுக்கிட்டே வரும், அது தெரிஞ்சுதான் பையர் பதில் போடாம இழுப்பாங்க.

நூல்கண்டு:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். கட்டிங் இன்னும் போடலை, நாளைக்குத்தான் துணி டையிங்குக்குப் போகுது. 'நாட்' போட்ட வரியவே எழுதிடறேன்.

டெஸ்பாட்ச்ராஜா:
அப்ப துணிய அனுப்பாதீங்க, மெயில முதல்ல அனுப்புங்க. விலை முடிவானப்புறம் சாயம் போட்டுக்கலாம், ஆனா டெலிவரி தேதி எவ்ளோ தள்ளும்னும் அதே மெயில்ல எழுதிருங்க.