அர்ஜென்ட்: 2011 ஐ10, 1.65 லட்சம், வாங்கலாமா? நாளைக்கு அட்வான்ஸ் கேக்குறாங்க

பொம்மனஹள்ளி_பையன் | இரவு 10:52
வணக்கம் நண்பர்களே. பெங்களூருல காலேஜ் போக வர பழைய கார் ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன். ஒரு ஐ10 வந்திருக்கு. 2011, சில்வர் கலர், ஏசி செமையா இருக்கு, டயர் புதுசு, உள்ள நல்ல வாசனை. 1.80 சொன்னாரு, பேசி 1.65க்கு இறக்கிட்டேன். நாளைக்கு 20 ஆயிரம் அட்வான்ஸ் குடுத்தா வண்டிய நிறுத்தி வைப்பாராம், வேற பார்ட்டி ரெடியா இருக்காங்களாம். வாங்கலாமா வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். போட்டோ ஏற மாட்டேங்குது.

கிளட்ச்கேபிள் | 10:58
எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு? எத்தனாவது ஓனர்? இன்ஜின் 1.1 லிட்டரா 1.2ஆ? இன்சூரன்ஸ் இருக்கா? கலரும் வாசனையும் சொல்லிருக்கீங்க, மீதி எல்லாம் விட்டுட்டீங்க ப்ரோ.

ராம்மூர்த்திநகர்_ரவுண்டு | 11:03
அந்த "வேற பார்ட்டி"ய நான் 2009லேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன். எல்லா வண்டிக்கும் அவரு ரெடியா இருக்காரு, ஒரு வண்டியும் வாங்கினதில்ல.

நாலாவது_கியர் (மூத்த உறுப்பினர்) | 11:10
தம்பி, இதே கேள்வி இங்கே மாதம் நான்கு முறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறையிடம் இல்லை. முதலில், ஒரு மாணவருக்குக் கார் எதற்கு? பொம்மனஹள்ளியில் மெட்ரோ நிலையமே இருக்கிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட்டில் திறந்தாயிற்று. ஏறி உட்கார்ந்தால் போதும்.

பொம்மனஹள்ளி_பையன் | 11:14
காலேஜ் ஆனேகல் பக்கம் சார். பொம்மசந்திராவுல இறங்கி சந்தாபுரா, அதுக்கப்புறம் இன்னொரு பஸ். லேப் முடிய எட்டரை ஆகுது. போக வர 50 கிமீ. மூணு பேரு சேந்து போறோம், பெட்ரோல் ஷேர்.
64 ஆயிரம் ஓடிருக்கு. ஓனர் எத்தனாவதுன்னு கேக்கல. மாடல் மேக்னா.

கிளட்ச்கேபிள் | 11:21
மேக்னால ரெண்டு இன்ஜினும் வந்துச்சு. ஆர்சில சிசி பாருங்க. 1086னா 1.1, அதுல டைமிங் பெல்ட். 1197னா 1.2 கப்பா இன்ஜின், அதுல செயின். பெல்ட் வண்டின்னா கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. பில் இல்லன்னா மாத்தலன்னு வச்சுக்கிட்டு அந்தக் காசையும் பேரத்துல குறைங்க. ஓட்டத்துல அறுந்தா இன்ஜின் வேலைக்கே இழுத்துட்டுப் போயிரும்.
அப்புறம் 14 வருஷத்துல 64 ஆயிரமா? தாத்தா கோயிலுக்கு மட்டும் ஓட்டினாராமா?

எத்தனால்_எதிரி | 11:26
எந்த வண்டி எடுத்தாலும் இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். 2011 வண்டிய அதுக்காக செய்யல. ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் ஊறி கெட்டுப்போகலாம். 2023க்கு அப்புறம் வந்த வண்டி மட்டும் பாருங்க.

ராம்மூர்த்திநகர்_ரவுண்டு | 11:29
ஒன்றரை லட்சத்துக்கு 2023 வண்டி வேணும்னா ஷோரூம்லேர்ந்து தள்ளிக்கிட்டு வந்தாத்தான் உண்டு.

டீசல்_தாஸ் | 11:40
பெட்ரோல் கணக்கு போட்டீங்களா? 50 கிமீ, மாசம் 22 நாள், 1100 கிமீ. ஒசூர் ரோடு டிராஃபிக்குல 13, 14 தான் குடுக்கும். 80 லிட்டர். லிட்டர் நூறுன்னு வச்சாலும் மாசம் 8,000. மூணா பிரிச்சாலும் ஒவ்வொருத்தருக்கும் 2,700 கிட்ட. டெல்லி டீசல் வண்டி பாருங்க. அங்க டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்னு கெடு வச்சிருந்தாங்க. அதனால கெடு நெருங்கின வண்டிய அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கிட்டிருந்தாங்க.

நாலாவது_கியர் | 11:52
அரைகுறை ஆலோசனை. அங்கிருந்து தடையில்லாச் சான்று, படிவம் 28, வாங்க வேண்டும். லாரியில் ஏற்ற வேண்டும். இங்கே வந்ததும் கர்நாடகத்துக்கு ஆயுள் வரி கட்ட வேண்டும். "அடிமாட்டு விலை" இதையெல்லாம் கூட்டிய பிறகு என்ன ஆகிறது என்று தாஸ் கணக்குப் போட்டதுண்டா? மேலும், பத்து வயது டீசல் காரின் டர்போவும் இன்ஜெக்டரும் ஒரு மாணவரின் பாக்கெட்டுக்கு ஏற்றவை அல்ல.

டீசல்_தாஸ் | 11:55
சார் நீங்க எல்லாத்துக்கும் இப்படித்தான் சொல்வீங்க. போன வருஷம் சிஎன்ஜி பத்தின விவாதத்துலயும் இதேதான்.

அல்சூர்_ஸ்பேனர் | 12:07
தம்பி நம்பர் எந்த ஊரு வண்டி

பொம்மனஹள்ளி_பையன் | 12:09
டிஎன் 07 அண்ணா. ஓனர் இப்ப இங்க எச்எஸ்ஆர் லேஅவுட்ல இருக்காரு.

அல்சூர்_ஸ்பேனர் | 12:13
அத முதல்லயே சொல்லணும் தம்பி. மெட்ராஸ் வண்டி 2011. 2015 டிசம்பர்ல எங்க நின்னுச்சுன்னு கேளு. நான் கேரேஜ்ல இருவது வருஷமா இருக்கேன், அந்த வெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷம் இங்க வந்த மெட்ராஸ் வண்டில பாதிக்குப் பாதி தண்ணி பாத்ததுதான். கழுவி பாலிஷ் போட்டு சென்ட் மாட்டி நிறுத்திருப்பான். நல்ல வாசனைன்னு சொன்னியே, எத்தனை சென்ட் தொங்குது?

பொம்மனஹள்ளி_பையன் | 12:15
மூணு 😐

நாலாவது_கியர் | 12:24
ஸ்பேனர் அவர்களுக்குச் சென்னைக் கார் என்றாலே வெள்ளம்தான். நகரத்தில் பாதிக்கு மேல் நனையவே இல்லை. பயமுறுத்தாமல் வழி சொல்லுங்கள்.

அல்சூர்_ஸ்பேனர் | 12:38
வழிதான் சொல்றேன் சார். தம்பி, காலைல போ. போறதுக்கு முன்னாடி போன் பண்ணாத. பண்ணினா இன்ஜின சூடு பண்ணி வச்சிருப்பான், கோல்டு ஸ்டார்ட் சத்தம் கேக்காது. போனதும் பானெட் மேல கை வச்சுப் பாரு, ஜில்லுன்னு இருக்கணும்.
அப்புறம் சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழு. முழுசா. நாம போடறப்ப பாதிதான் வெளிய வரும், மீதி உள்ளயே சுருண்டு கிடக்கும், கழுவுறவன் கையும் அங்க போகாது. தண்ணி பாத்த வண்டில கடைசி ஒரு சாண் டீ கலர்ல இருக்கும், கோடு கோடா. நாலு பெல்ட்டும் பாரு. சீட்டுக்கு அடில டார்ச் அடி, ரெயில் போல்ட்டுல துரு இருக்கான்னு பாரு. டிக்கில ஸ்டெப்னிய தூக்கிட்டு அந்தக் குழிய விரலால தடவு.

கிளட்ச்கேபிள் | 12:46
கண்ணாடியும் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் மூலைல கம்பெனி முத்திரை, அதுல வருஷத்துக்கு ஒரு நம்பர், மாசத்துக்குப் புள்ளி. எல்லாம் 2010, 2011ன்னு காட்டணும். ஒண்ணு மட்டும் தள்ளி இருந்தா அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கு.

கேஎன்_அல்ல_கேஏ | காலை 7:15
எல்லாரும் முக்கியமான விஷயத்த விட்டுட்டீங்க. டிஎன் நம்பர இங்க எவ்ளோ நாள் ஓட்டுவீங்க? கேஏ நம்பர் மட்டும் வாங்குங்க. நான் ஒரு டிஎன் வண்டி வச்சிருந்தேன், பார்டர்ல அத்திப்பள்ளி தாண்டினா கை நீட்டி நிறுத்துவாங்க, எவ்ளோ நாளா இங்க இருக்கன்னு ஒரே கேள்வி. ஒவ்வொரு தடவையும் டோல் ரசீது தேடி எடுக்கணும்.

ஒசூர்_டு_ஒய்ட்ஃபீல்டு | 7:31
வேற ஸ்டேட் நம்பர இங்க மாத்திக்க மோட்டார் வாகனச் சட்டம் 47ஆவது பிரிவுல 12 மாசம் டைம் இருக்கு. நான் டிஎன் 70ல தினம் வந்து போறேன். வீடு ஒசூர்ல, ராத்திரி வண்டி அங்கதான் நிக்குது. என்னை ஒருத்தரும் ஒண்ணும் செய்ய முடியாது.

கேஎன்_அல்ல_கேஏ | 7:40
உங்க வீடு ஒசூர் சார். பையன் வீடு பொம்மனஹள்ளி. இது வேற கேஸ்.

ஒசூர்_டு_ஒய்ட்ஃபீல்டு | 7:44
அப்பா பேர்ல ஊர்லயே வாங்கட்டும். முடிஞ்சுது.

கேஎன்_அல்ல_கேஏ | 7:49
வாங்கலாம். ஆனா வண்டி வருஷம் முழுக்க இங்க நின்னா அந்த 12 மாசமும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சட்டம் அப்பா பேர பாக்காது, வண்டி எங்க இருக்குன்னுதான் பாக்கும்.

ராம்மூர்த்திநகர்_ரவுண்டு | 8:02
காவேரி மாதிரி இதுக்கும் ஒரு டிரிப்யூனல் வைங்கப்பா.

நாலாவது_கியர் | 8:20
இரு தரப்பும் பாதி சரி. ஆனால் யாருமே கவனிக்காத ஒன்று: தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. 2011 வண்டி என்றால் 2026-ல் முடிகிறது. தம்பி, ஆர்சியில் தேதி பாருங்கள். புதுப்பிக்கக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது. அதற்கு முன் பெயிண்ட், பிரேக், விளக்கு எல்லாம் சரிசெய்து காட்ட வேண்டும். 1.65 என்பது வண்டியின் விலை அல்ல, நுழைவுக் கட்டணம்.

கிளட்ச்கேபிள் | 8:26
இத ஒத்துக்கிறேன் சார், நல்ல பாயிண்ட். (முதல் பதிவுலயே சொல்லிருக்கலாம், மெட்ரோவுக்கு பதிலா.)

பெயரில்லா_பேங்கர் | 9:05
கவர்மென்ட்டோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டுப் பாருங்க தம்பி. ஓனர் எத்தனாவது, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, ஹைப்பாத்திகேஷன் (லோனுக்காக பேங்க் பேர்ல அடமானம்) இருக்கா, எல்லாம் வரும். லோன் முடிஞ்சும் பலபேர் ஆர்சில பேங்க் பேர எடுக்காம விட்டுருவாங்க. அப்படி இருந்தா பேங்க் என்ஓசியும், பேங்க் பேர எடுக்கற ஃபார்ம் 35ம் கைல வர்ற வரைக்கும் ஒரு ரூபா குடுக்காதீங்க. அதுக்கப்புறம்தான் ஓனர் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30. டிராஃபிக் ஃபைன் பாக்கி இருக்கான்னும் பாருங்க.
இன்சூரன்ஸ் பேர் மாத்த 14 நாள். பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோடது, வண்டியோடது இல்ல. வெறும் தேர்ட் பார்ட்டி போட்டா 1000 சிசிக்குக் கீழ 2,094, அதுக்கு மேல 1500 வரைக்கும் 3,416, ஜிஎஸ்டி தனி. கை இறுக்கம்னா 800, 998 சிசி வண்டியாப் பாருங்க.

பொம்மனஹள்ளி_பையன் | 11:48
போயிட்டு வந்தேன். போன் பண்ணாம போனேன் அண்ணா, அவரு கொஞ்சம் டென்ஷன் ஆனாரு. ஸ்டார்ட் ஓகே. ஆர்சி 2026 நவம்பர். மூணாவது ஓனர். பேங்க் பேர் இன்னும் இருக்கு, லோன் முடிஞ்சிருச்சு லெட்டர் ஊர்ல இருக்குங்கறாரு.
பெல்ட் நாலும் முழுசா இழுத்தேன். சூப்பர் க்ளீன். ஒரு கறை இல்ல. அப்போ வெள்ளம் இல்லதானே? அட்வான்ஸ் குடுக்கட்டா?

நாலாவது_கியர் | 11:55
பார்த்தீர்களா ஸ்பேனர்.

அல்சூர்_ஸ்பேனர் | 12:20
14 வருஷ வண்டில பெல்ட் ஒரு கறை இல்லாம இருக்கா? என் சட்டையே ஒரு நாள் அப்படி இருக்காது. தம்பி பெல்ட்டோட கீழ் நுனில ஒரு துணி லேபிள் தச்சிருக்கும், தேதி போட்டிருக்கும். அத பாத்தியா

பொம்மனஹள்ளி_பையன் | 12:22
இல்லண்ணா. வீடியோ எடுத்தேன், பாக்குறேன்.

பொம்மனஹள்ளி_பையன் | 12:41
ரெண்டு பெல்ட்ல தெளிவா தெரியுது. ரெண்டுலயும் 2016 பிப்ரவரி.

ராம்மூர்த்திநகர்_ரவுண்டு | 12:43
ஐயோ.

கிளட்ச்கேபிள் | 12:47
2011 வண்டிக்கு 2016 பெல்ட். டிசம்பர் வெள்ளம், பிப்ரவரி பெல்ட். ஒண்ணு மாறினா எலி கடிச்சுதுன்னு சொல்லலாம்.

நாலாவது_கியர் | 13:02
அவசரப்பட வேண்டாம். விபத்திலும் பெல்ட் மாற்றுவார்கள். அப்படியே வெள்ளம் என்றாலும் இன்சூரன்ஸில் முறையாக எல்லாம் மாற்றியிருந்தால் பிறகு பத்து வருடம் ஓடிய வண்டிதானே? அதுவே சான்று.

அல்சூர்_ஸ்பேனர் | 13:15
விபத்துல நாலு பெல்ட்டும் மாத்த மாட்டாங்க சார். முறையா மாத்தினவன் சொல்லி விப்பான், மறைக்க மாட்டான். தம்பி, பின் சீட்டு நடுவுல இடுப்பு பெல்ட் ஒண்ணு இருந்தா அத யாரும் மாத்தி இருக்க மாட்டாங்க. அதையும், டிரைவர் சீட்டுக்கு அடில கார்ப்பெட்ட தூக்கி வயர் கனெக்டரையும் பாரு. பச்சை பூத்திருந்தா திரும்பி பாக்காம வந்துரு. இப்ப ஓடும். மழைல சில்க் போர்டு ஜங்ஷன்ல நிக்கும்.

எத்தனால்_எதிரி | 13:30
இதோட இ20யும் சேந்தா யோசிச்சுப் பாருங்க.

பெயரில்லா_பேங்கர் | 13:34
ஒண்ணு கேக்க மறந்துட்டேன். லைசென்ஸ் இருக்குல்ல தம்பி?

பொம்மனஹள்ளி_பையன் | 13:36
எல்எல்ஆர் இருக்கு சார்.

ராம்மூர்த்திநகர்_ரவுண்டு | 13:37
🤦

நாலாவது_கியர் | 13:45
நேற்று இரவிலிருந்து நாற்பது பதிவு. எல்எல்ஆர்! எல் போர்டு மாட்டி, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்தால்தான் வண்டியை நகர்த்தவே முடியும். அதனால்தான் மெட்ரோ என்றேன்.

பொம்மனஹள்ளி_பையன் | 13:47
கூட வர்ற பசங்கள்ல ஒருத்தனுக்கு லைசென்ஸ் இருக்கு சார்.

கேஎன்_அல்ல_கேஏ | மாலை 6:10
ஒசூர்காரரே, ராத்திரி வண்டி ஒசூர்ல நிக்குதுன்னு எப்படி நிரூபிப்பீங்க?

ஒசூர்_டு_ஒய்ட்ஃபீல்டு | 6:25
ஃபாஸ்டேக். தேதி, நேரம், டோல் பேரோட ஆறு மாச பிரிண்ட் அவுட் டேஷ்போர்டுல இருக்கு. வேணும்னா லேமினேட் பண்ணியும் அனுப்புறேன்.

*(9 நாள் கழிச்சு)*

கிளட்ச்கேபிள் | காலை 10:05
பையன் என்ன ஆனாரு? வாங்கிட்டாரா?

ராம்மூர்த்திநகர்_ரவுண்டு | 10:11
பெல்ட்ட இழுத்தப்ப உள்ள போயிட்டாரோ.

பொம்மனஹள்ளி_பையன் | இரவு 9:33
சாரி எல்லாருக்கும், காலேஜ்ல இன்டர்னல்ஸ் எக்ஸாம் இருந்துச்சு. அந்த வண்டி எடுக்கல. கார்ப்பெட் தூக்கினேன், ஸ்பேனர் அண்ணா சொன்ன பச்சை அப்படியே இருந்துச்சு, தொட்டா கைல மாவு மாதிரி ஒட்டுது. அவரு அதுக்குள்ள 1.30க்கு இறங்கிட்டாரு. ஆல்ட்டோ கே10 ஒண்ணு பேசிருக்கோம், கேஏ 51, ஒரே ஓனர், அப்பா வந்து பாக்கணும். ஆனா அவசரம் இல்ல. டெஸ்ட்ல ரிவர்ஸ் எடுக்கறப்ப கம்பத்துல இடிச்சுட்டேன். தேங்க்ஸ்.

அல்சூர்_ஸ்பேனர் | 9:50
கே10 எடுக்குறதுக்கு முன்னாடி அல்சூர் கொண்டா தம்பி, லிஃப்ட்ல ஏத்தி கீழ பாத்துத் தரேன். காசு வேணாம், டீ வாங்கிக் குடு.

நாலாவது_கியர் | 10:02
கே10 என்றால் எந்த வருடம்? எத்தனை கிலோமீட்டர்? மீண்டும் விவரம் இல்லாமல் எழுதுகிறீர்கள்.

மடிவாளா_மச்சி (புது உறுப்பினர்) | 10:47
ப்ரோ அந்த ஐ10 இன்னும் இருக்கா? 1.30ன்னா எனக்கு ஓகே. ஓனர் நம்பர் கிடைக்குமா? அர்ஜென்ட்.