டிரைவர் அப்டேட்டுக்கு அப்புறம் கேம் திக்குது: உங்களுக்கும் ஆச்சா?

சத்துவாச்சாரி:
அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச வாரம். ராத்திரி கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் போட்டுட்டுப் படுத்தேன். மறுநாள் கார் ரேஸ் கேமைத் திறந்தா, 60 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 60 படம்) ஓடினது 40க்கு இறங்கி வளைவுக்கு வளைவு திக்குது. அப்டேட்தான் வினைன்னு டிவைஸ் மேனேஜர்ல ரோல்பேக் பண்ணி பழைய டிரைவருக்கே போனேன். அதே கதை. நெட்டைக் கழட்டிட்டு (இல்லன்னா விண்டோஸ் தானா ஒரு டிரைவரைக் கொண்டாந்து போட்டுடும்), சேஃப் மோடுல டிடியு (டிரைவரை அடியோட நீக்கற டூல்) வச்சுச் சுத்தமா வழிச்செடுத்து, பழைய வெர்ஷனையே போட்டேன். முதல் ரெண்டு நிமிஷம் இன்னும் மோசம். ஷேடர் கேஷ் (படம் வரைய முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கற கோடு) புதுசா சேரணுமே. அப்புறம் வழுக்கிட்டு ஓடுச்சு. ஜெயிச்சாச்சுன்னு பார்த்தா, பத்தாவது நிமிஷம் மறுபடி 40.

அங்கதான் உறைச்சுது. டிரைவர் கோளாறா இருந்தா பத்து நிமிஷம் ஏன் காத்திருக்கப் போகுது? ஸ்க்ரீன் மூலையில டெம்பரேச்சர் தெரியற மாதிரி வச்சு ஓட்டினேன். 70, 76, 81 டிகிரி. 83ஐத் தொட்டதும் கார்டோட கிளாக் வேகம் 1,800 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 1,500க்குச் சரியுது, கூடவே எஃப்பிஎஸ்சும். கேபினட்டைத் திறந்தா முன்பக்க வலை முழுக்கத் தூசி, கம்பளி மாதிரி. பாலாத்துல தண்ணி இல்லன்னா மணல் எல்லாம் நம்ம வீட்டுக்குத்தானே வரும்! பிரஷ், ப்ளோயர், அரை மணி நேரம். ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விடாதீங்க. இப்ப 74ஐத் தாண்டல. அதுவும் ராத்திரி ஒம்பது மணிக்கும் மலைப்பாறை அனல் விடுற நம்ம வேலூர்ல. புது டிரைவரையே திரும்பப் போட்டேன், ஜோரா ஓடுது. பாவம், வீணா திட்டிட்டேன்.

காட்பாடி:
எனக்கு நிஜமாவே அப்டேட்தான்ணே. லேப்டாப். டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா ஜிபியு 0 (உள்ளேயே இருக்கற சின்ன கிராஃபிக்ஸ் சிப்) மூச்சு வாங்குது, ஜிபியு 1 (தனி கிராஃபிக்ஸ் கார்டு) சும்மா உக்காந்திருக்கு. முன்ன நான் வச்ச செட்டிங் போயிடுச்சு, கேம் அந்தச் சின்ன சிப்ல ஓடியிருக்கு. விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல அந்த கேமுக்கு மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் வச்சதும் சரியாச்சு.

குடியாத்தம்:
சிரிக்காதீங்க. ரெண்டு நாள் டிரைவரை மாத்தி மாத்திப் போட்டேன். கடைசில பார்த்தா மானிட்டர் வயர் கிராஃபிக்ஸ் கார்டுல இல்ல, மதர்போர்டுல சொருகியிருக்கு, படம் வந்ததே சின்ன சிப் வழியாத்தான். மேஜையைத் துடைக்கக் கழட்டினது எங்க ஆயா, திரும்பச் சொருகினது நான்.

சத்துவாச்சாரி அண்ணா, அந்த வலையைத் தண்ணியில கழுவலாமா?

சத்துவாச்சாரி:
தனியா கழண்டு வர்றதுன்னா கழுவு. ஈரத்தோட மாட்டிடாத, நல்லா காயட்டும்.