எலுமிச்சை நறுக்கும் விரலைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது

எலுமிச்சைவீடு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. தென்காசியில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன், பன்னிரண்டு வருடமாக. புளியங்குடி மார்க்கெட்டில் காய் எடுத்து வாரத்துக்கு ஒன்றரை மூட்டை எலுமிச்சை நறுக்குவேன். பருவத்தில் மாவடு, நார்த்தங்காய் எல்லாம் உண்டு. ஆர்டர், கூரியர் முகவரி, யார் பணம் போட்டார்கள், யார் போடவில்லை என்ற கணக்கு முழுக்க ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்பில், ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 11.

முன்பு பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தேன். பேரன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாளோடு அந்த ரகசியம் முடிந்துபோனது. போன மாசியில் நான் கொல்லையில் மாவடு கழுவிக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே நுழைந்து, பெயர் இருந்த பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தி, சேமித்தும் விட்டான். பெயர்கள் இடம் மாறிவிட்டன, முகவரிகள் அப்படியே நின்றன. நான் கவனிக்கவில்லை. திருநெல்வேலிக்குப் போக வேண்டிய நார்த்தங்காய் ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஓசூர்க்காரர் கேட்டது பூண்டு.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் இதைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, யுஎஸ்பியில் செருகும் கைரேகை ஸ்கேனர் ஒன்றை வாங்கி அனுப்பினான். நகம் அளவுதான் இருக்கிறது. ஊருக்கு வந்தபோது என் வலது ஆள்காட்டி விரலையும் அவன் விரலையும் பதிந்து வைத்தான். கூடவே ஒரு பின் எண்ணும் போட வைத்தான். இனிமேல் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு மாதம் ராஜபோகம். தொட்டால் திறக்கும். வெயில் காலத்து ஆர்டர் ஏறினதும் பிடித்தது சனி. பத்துத் தடவை தொட்டால் ஒரு தடவை திறக்கிறது. மூன்று நான்கு முறை தப்பினால் பின் எண்ணைக் கேட்கிறது. அந்த எண் எனக்கு நினைவில்லை, இரண்டு மாதமாக அதைத் தொடவே இல்லையே! கடைசியில் கீபோர்டைப் புரட்டிப் பழைய சீட்டைப் பார்த்துப் பாஸ்வேர்ட் அடித்துத்தான் உள்ளே போனேன். நல்லவேளை, நான் சொன்ன பேச்சு கேட்கிற ஆள் இல்லை. மகன் போன வாரம் வந்தான். அவன் தொட்டால் உடனே திறக்கிறது.

ரேஷன் கடையிலும் எனக்கு இதே கதைதான். விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டி, கடைசியில் கண்ணைக் காட்டித்தான் பருப்பு வாங்குகிறேன். உப்பும் எலுமிச்சையும் என் ரேகையைத் தின்றுவிட்டதா? இதற்கு வழி உண்டா, இல்லை ஸ்கேனரை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடவா? அப்புறம் இன்னொன்று. பக்கத்து வீட்டில், கைரேகையைத் திருடி பேங்கில் பணம் எடுக்கிறார்கள், நீ அதைப் போய் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறாயே என்கிறார்கள். அது வேறு பயமாக இருக்கிறது.

பழையமானிட்டர்:

அக்கா, வணக்கம். விருதுநகரில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மகன் விரலுக்குத் திறக்கிறது என்றால் ஸ்கேனரில் கோளாறு இல்லை. விரலில்தான்.

அது கேமரா மாதிரி படம் பிடிப்பதில்லை. அந்தச் சின்னத் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் வரிசையாக இருக்கும். விரல் ரேகையின் மேடு தகட்டில் படும், பள்ளத்தில் காற்று நிற்கும். இரண்டு இடத்திலும் மின்தேக்கம், அதாவது மின்னூட்டம் தேங்கும் அளவு, வேறுபடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரேகையை வரைந்துகொள்கிறது. தோல் வறண்டு வெடித்திருந்தால் மேடு விட்டு விட்டுப் படும், கோடு துண்டு துண்டாகத் தெரியும். தண்ணீரில் ஊறிய விரல் என்றால் பள்ளத்திலும் ஈரம் நின்று எல்லாம் ஒரே மொழுக்கென்று ஆகிவிடும். நீங்கள் காலையில் உப்பிலும் புளிப்பிலும், மத்தியானம் பாத்திரம் தேய்க்கும் சோப்பிலும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் அடி.

இன்னொரு விஷயம். தகடு சின்னது என்பதால் ஒரு தொடுதலில் விரலின் ஒரு துண்டைத்தான் அது பார்க்கும். பதியும்போது திரும்பத் திரும்பத் தொடச் சொன்னது அதற்காகத்தான். நிறையப் பேர் ஒரே இடத்தையே பத்துத் தடவை வைத்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். நுனி, இடது ஓரம், வலது ஓரம், கொஞ்சம் கீழே என்று நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும்.

ஆள்காட்டி விரலை விட்டுவிடுங்கள். கத்தி பிடிப்பது வலது கை என்றால், காயை அமுக்கிப் பிடிப்பது இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று அந்த நான்கு விரலும் உங்கள் தொழிலுக்கு நேர்ந்துவிட்டவை. இடது மோதிர விரலையும் சுண்டு விரலையும் பதியுங்கள், பெரும்பாலும் அவைதான் தேயாமல் இருக்கும். ஒரு அக்கவுண்டுக்குப் பத்து விரல் வரை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். பழையதை அழிக்க வேண்டாம், செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய் இன்னொரு விரல் சேர்த்தால் போதும். முக்கியமாக, குளித்து முடித்துக் கை பூப்போல இருக்கும் நேரத்தில் பதியாதீர்கள். வேலை முடிந்து, சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் உட்காரும் நேரத்துக் கை எப்படி இருக்குமோ அப்படியே பதியுங்கள். அந்தக் கையைத்தானே அது தினமும் பார்க்கப் போகிறது.

பின் எண்ணை மறந்தது பெரிய விஷயமில்லை. பாஸ்வேர்ட் தெரிகிறது அல்லவா, அதே இடத்தில் பின் எண் மறந்துவிட்டது என்று இருக்கும், அதை அழுத்திப் புதிது போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை வாரம் ஒரு தடவையாவது அடித்துப் பழகுங்கள். விண்டோஸில் பின் எண் போடாமல் விரலைப் பதியவே முடியாது. அதுதான் அடித்தளம், விரல் அதற்கு மேல் போட்ட குறுக்குவழி.

ஒன்று கேட்கிறேன். காலையில் கம்ப்யூட்டரை எழுப்பும்போது மட்டும் ஸ்கேனர் விளக்கே எரியாமல் கிடக்கிறதா? அப்படியென்றால் அது வேறு நோய். டிவைஸ் மேனேஜரில் பயோமெட்ரிக் கருவியைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். என் கடைக்கு வரும் ஸ்கேனர் புகாரில் நிறைய இந்த ஒரு டிக்கோடு முடிந்துவிடும்.

இரவுப்பணி:

நான் நர்ஸ். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை சானிடைசர் போடுகிறோம் என்று நாங்கள் எண்ணுவதே இல்லை. எங்கள் வருகைப் பதிவு மெஷினில் விரல் விழாமல் பாதி வார்டு வரிசையில் நிற்கும். உங்கள் ரேகையை எதுவும் தின்றுவிடவில்லை அக்கா. ரேகையின் அச்சு மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே தேய்ந்தாலும் தோல் வளரும்போது அதே கோடு திரும்ப வரும். சில வாரம் அந்த விரலுக்கு ஓய்வு வேண்டும், அவ்வளவுதான். அது நமக்கெங்கே கிடைக்கிறது!

இரவு படுக்கப் போகும்போது வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். எண்ணெய்க் கையோடு ஸ்கேனரைத் தொட்டுவிடாதீர்கள், தகட்டில் படலம் படிந்துவிடும். அவசரத்துக்கு விரல் நுனியில் ஹா என்று ஒரு தடவை ஊதிவிட்டு வையுங்கள். வறண்ட விரலுக்கு அந்த ஈரமே போதும். பார்க்கிறவர்கள் மந்திரம் போடுகிறீர்கள் என்று நினைப்பார்கள், பரவாயில்லை.

நறுக்கும்போது கையுறை போடலாமே என்று சொல்ல வாய் வருகிறது. ஊறுகாய் போடுகிற என் அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதால் சொல்லவில்லை.

சந்தேகப்பிராணி:

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, உங்கள் ஸ்கேனருக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

பேங்கில் பணம் போவது ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் வசதி வழியாக. கிராமங்களில் பேங்க் ஏஜென்ட் கையில் ஒரு சின்ன மெஷினோடு வருவாரே, அது. அதில் ஏமாற்றியவர்கள் சிலர் ரேகையை எடுத்தது பதிவுத்துறைப் பத்திரங்களில் இருந்த கைநாட்டிலிருந்து. யார் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்து எடுக்கவில்லை. விண்டோஸ் உங்கள் விரலைப் படமாகச் சேமிப்பதும் இல்லை. ரேகையிலிருந்து கணக்கிட்ட ஒரு குறிப்பைத்தான் பூட்டி வைக்கிறது, அதுவும் அந்த மெஷினிலோ ஸ்கேனர் சிப்பிலோதான் இருக்கும். ஆதாருக்கு அது போவதில்லை.

பயம் போக வேண்டுமானால் ஆதார் இணையதளத்திலோ ஆதார் ஆப்பிலோ பயோமெட்ரிக் லாக் போடுங்கள். ஆனால் பூட்டினால் கண்ணும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ரேஷனுக்குப் போகும் அன்று திறக்க மறந்தால் பருப்பு கிடையாது.

இப்போது என் பங்குக்குச் சந்தேகம். 2002இல் ஜப்பானில் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்சுமோட்டோ என்ற பேராசிரியர் ஜெலட்டினில் விரல் செய்து பதினொரு கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். ஜெல்லி மிட்டாய் செய்கிற அதே ஜெலட்டின். 2023இல் பிளாக்விங் என்ற குழு மூன்று லேப்டாப்களின் விரல் பூட்டைத் தாண்டியது. அது மைக்ரோசாஃப்ட்டே கேட்டுக்கொண்டு நடந்த சோதனை. அவர்கள் போலி விரலைக்கூடச் செய்யவில்லை, சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நடக்கும் பேச்சில் புகுந்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. இதெல்லாம் நிஜம்தான்.

ஆனால் உங்கள் எதிரி இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிறான். அவனுக்கு ஜெலட்டின் காய்ச்சத் தெரியாது. அவனுக்காக நீங்கள் செய்ய வேண்டியது பூட்டு இல்லை, அவனுக்கென்று தனி அக்கவுண்ட். சாதாரண யூசராகப் போட்டு, அவன் விரலை அதில் பதிந்து கொடுங்கள். தன் விரலுக்குத் திறக்கிறது என்றால் உங்கள் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டான். எக்செல் ஷீட்டை வாரம் ஒருமுறை பென் டிரைவில் போட்டு வையுங்கள், அதை எந்த ஸ்கேனரும் உங்களுக்காகச் செய்யாது.

பென்குயின்ராசா:

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை, அடிக்க வேண்டாம். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: ஸ்கேனர் வாங்கும் முன் லினக்ஸில் ஸ்கேனரை இயக்கும் லிப்-எஃப்பிரிண்ட் என்ற மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். ஒரு வருடமாக அது என் மேஜையில் பேப்பர் வெயிட். இரண்டாவது வாங்கியது வேலை செய்கிறது. விரலால் உள்ளே போனதும், சேமித்த பாஸ்வேர்டுகளின் சாவிக்கொத்தைத் திறக்க மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். அது கோளாறு இல்லை, அந்தச் சாவிக்கொத்து பாஸ்வேர்டால்தான் பூட்டப்பட்டிருக்கிறது.

எலுமிச்சைவீடு:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மானிட்டர் தம்பி சொன்னபடி, சாயங்காலம் ஜாடியெல்லாம் கட்டி வைத்துவிட்டு, அதே காய்ந்த கையோடு உட்கார்ந்து இடது மோதிர விரலையும் சுண்டு விரலையும் பதிந்தேன். ஓரம் நுனி என்று உருட்டி உருட்டி வைத்தேன். மோதிர விரல் முதல் தடவையே விழுகிறது. பத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டு விரல் சுமார்தான். சின்ன வயதில் அதில் ஒரு அரிவாள்மனை வெட்டு உண்டு, அந்தத் தழும்பு காரணமோ என்னவோ. ஊதிவிட்டு வைப்பதும் பலிக்கிறது. ரேஷன் கடையிலும் ஊதிப் பார்த்தேன், அங்கே பலிக்கவில்லை, வரிசையில் சிரிப்புதான் கிளம்பியது. அங்கே கண்தான் எனக்கு.

விளக்கு எரியாத விஷயமும் உண்மைதான் தம்பி. இரண்டு மூன்று நாள் காலையில் அப்படிக் கிடந்தது, நான் என் விரலைத்தான் திட்டினேன். மகன் போனிலேயே வழி சொல்ல, அந்த டிக்கை எடுத்தோம். அதன்பிறகு இல்லை.

பின் எண்ணைப் புதிதாகப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு ஒருமுறை அதை அடிக்கிறேன், மறக்காமல் இருக்க. பென் டிரைவும் அன்றைக்கே. ஆதாரைப் பூட்டவில்லை. திறக்க மறந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். பாஸ்வேர்ட் சீட்டைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. கீபோர்டிலிருந்து எடுத்து மிளகாய் வற்றல் டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன். அங்கே பேரன் கை வைக்க மாட்டான்.

அவனுக்குத் தனி அக்கவுண்ட் போட்டாயிற்று. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டைவிரலை வைத்து, திறந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். கலெக்டர் ஆபீஸ் திறந்த மாதிரி.

நர்ஸ் தங்கைக்கு: கையுறை வாங்கினேன். ஒரே நாள். காய் வழுக்குகிறது.

ஓசூர்க்காரர் நேற்று மறுபடி ஆர்டர் போட்டார். நார்த்தங்காய், இரண்டு கிலோ.